கட்டளை எதற்காக? ஞாயிறன்று ஓட மறுத்த வீரர் காட்டிய வழி

தங்கப்பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை "வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஒருவருக்கு வந்தது. அவர் பெயர் எரிக் லிடெல்.

1924-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம். ஸ்காட்லாந்து வீரரான லிடெல், 100 மீட்டர் ஓட்டத்தில் பெயர் பெற்றவர். தங்கப்பதக்கம் அவருக்குத்தான் என்று பலர் நம்பியிருந்தார்கள்.

ஆனால் அந்த ஓட்டத்தின் முதல் சுற்று ஜூலை 6-ந் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை!

ஞாயிறு ஆண்டவருக்கு உரிய நாள். அன்று ஓட மாட்டேன் என்று லிடெல் சொல்லி விட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. அந்த ஞாயிறன்று பாரிசில் ஒரு தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார்.

சில நாள் கழித்து 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப்பதக்கம் பெற்றார். ஜூலை 11-ந் தேதி 400 மீட்டர் ஓட்டம். 47.6 வினாடியில் ஓடினார். தங்கப்பதக்கம் பெற்றார்!

இது கூலியா?

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் இங்கேயே நிறுத்தி விடுவார்கள். "பார்த்தீர்களா? கட்டளையைக் காத்தார். கடவுள் தங்கம் கொடுத்தார்" என்பார்கள்.

இந்தக் கணக்கு சரிதானா?

லிடெல் 400 மீட்டரில் தோற்றிருந்தால் என்ன? அவருடைய கீழ்ப்படிதல் வீண் என்று சொல்லி விட முடியுமா?

அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பாருங்கள். 1925-ல் புகழை விட்டு விட்டுச் சீனாவுக்குப் போனார். பள்ளி ஆசிரியராகவும் ஊழியராகவும் பாடுபட்டார். யுத்தம் வந்தது. 1941-ல் மனைவியையும் பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பி வைத்தார். 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியென் என்ற இடத்தில் முகாமில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரி 21-ந் தேதி, மூளையில் வந்த கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். அப்போது வயது 43. கடைசியாகப் பிறந்த மகளை அவர் பார்க்கவே இல்லை.

கட்டளையைக் காத்தால் கூலி கிடைக்கும் என்றால், இது என்ன கூலி?

கட்டளை, கடவுளோடு செய்யும் வியாபாரம் அல்ல. "நான் இதைச் செய்தேன், நீ அதைக் கொடு" என்று கேட்பது பக்தி ஆகாது.

விடுதலை முதலில்

பிறகு கட்டளை எதற்கு?

விடை, பைபிளிலேயே இருக்கிறது. இஸ்ரவேல் மக்கள் எகிப்து நாட்டில் அடிமைகளாக இருந்தார்கள். கடவுள் அவர்களை மீட்டார். அதன் பிறகுதான் சீனாய் மலையில், மோசே மூலமாகப் பத்துக் கட்டளைகளைக் கொடுத்தார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கட்டளையைக் காத்ததால் விடுதலை கிடைக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று காட்டவே கட்டளை வந்தது.

ஓய்வு நாள் கட்டளையையே எடுத்துக் கொள்ளுங்கள். எஜமான் மட்டும் ஓய்வு எடுத்தால் போதாது. வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும். அந்நியனும் ஓய வேண்டும். மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும். நீங்களும் ஒரு காலத்தில் அடிமைகள்தான் என்று கடவுள் நினைவூட்டுகிறார்.

அந்தக் கட்டளையின் உயிர், இரக்கம்! ஓய்வு நாள் மனிதனுக்காகவே உண்டானது என்று இயேசு சொன்னதன் பொருளும் இதுதான். கை சூம்பிய ஒருவனை அவர் ஓய்வு நாளிலேயே குணமாக்கினார்.

முகாமில் ஒரு ஞாயிறு

வெய்சியென் முகாமில், பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். லிடெல் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். விளையாட்டும் நடத்தினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் நடத்த மாட்டார்.

ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? லிடெலே மைதானத்துக்கு வந்தார். நடுவராக நின்றார்! முகாமில் இருந்தவர்கள் பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கப்பதக்கத்துக்காக ஞாயிற்றை விட்டுக் கொடுக்காத மனிதர், தவித்த பிள்ளைகளுக்காக விட்டுக் கொடுத்தார்.

இது முரண்பாடா? இல்லை. இரண்டும் கீழ்ப்படிதல்தான்.

எது அளவுகோல்?

"அப்படியானால் அன்பு என்று சொல்லிக் கொண்டு எந்தக் கட்டளையையும் மீறலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி.

கட்டளையை வளைப்பதால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். பாரிசில் ஓடியிருந்தால் புகழ் லிடெலுக்கு. முகாமில் நடுவராக நின்றதால் நன்மை பிள்ளைகளுக்கு. தன் சுகத்துக்காகக் கட்டளையை வளைப்பவன், அன்பின் பெயரைச் சொல்லித் தன்னையே ஏமாற்றிக் கொள்கிறான்.

கடவுளிடம் அன்பு, அயலானிடம் அன்பு. எல்லாக் கட்டளைகளும் இந்த இரண்டில் அடங்கும் என்பது இயேசுவின் போதனை.

காலையில் கோவிலுக்குப் போய் வந்து, மாலை வரை வீட்டு வேலைக்காரியை ஓய விடாமல் வேலை வாங்குகிறவர், ஓய்வு நாளைக் காத்தவர் ஆவாரா? களவு செய்யாதவர், கூலியைக் குறைத்துக் கொடுத்தால் கட்டளையைக் காத்தவர் ஆவாரா?

"நான் எத்தனை கட்டளைகளைக் காத்தேன்?" என்று விரல் விட்டு எண்ணுவது எளிது. "நான் காத்த கட்டளையால் யாருக்கு நிழல் கிடைத்தது?" என்று கேட்பதுதான் கடினம்.

அந்தக் கடினமான கேள்வியைக் கேட்டுக் கொள்ளும் வீட்டில்தான் கட்டளை உயிரோடு இருக்கும்.