கூட்டத்தோடு கோவிந்தா!

புஷ்ய பகுள பஞ்சமி வந்தால் போதும்; திருவையாற்றுக்குப் போக முடியாதவர்களுக்காக மயிலாப்பூரும் தியாகராய நகருமே திருவையாறாகிவிடுகின்றன. சபாவிலோ கோவில் மண்டபத்திலோ ஜமுக்காளத்தை விரித்து, ஐம்பது நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து, தியாகையரின் பஞ்சரத்தினங்களைச் சேர்ந்து பாடுகிறார்கள். அதைக் கேட்டுச் சிலர் கண் கலங்குகிறார்கள். வேறு சிலர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். இரண்டு பேருமே நல்ல ரசிகர்கள் என்பதுதான் வேடிக்கை!

மயிலாப்பூரில் என் காதில் விழுந்த சம்பாஷணை இது.

"என்ன மன்னி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கறாளே! ஆத்துலேயே உட்கார்ந்து பாலமுரளி பாடினதைக் கேட்டிருக்கலாம்."

"நீ கேக்க வந்தே, நான் பாட வந்தேன். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கப்புறம் வாயைத் திறக்க எனக்கு வேறே எடம் ஏதுடீ?"

நாத்தனார் கட்சியில் நியாயம் உண்டு. பாலமுரளிகிருஷ்ணா தனியாகப் பாடிய இசைத்தட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். கோஷ்டியிலோ ஆரபியில் ஓட்டப் பந்தயம். சரணத்துக்குச் சரணம் வேகம் ஏறிக்கொண்டே போகும். வராளியின் மத்தியமம் இருக்கிறதே, அது ஒரு தொண்டைக்குப் பிடிபடுவதே கஷ்டம். ஐம்பது தொண்டைகளுக்கு ஒரே சமயத்தில் பிடிபடுமா?

இதோடு சுருதித் தகராறு வேறு. ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரை கட்டை சௌகரியம் என்றால் பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. பொதுவாக ஒரு சுருதி வைத்தால் யாராவது ஒரு தரப்பார் சிரமப்பட்டுத்தான் ஆகவேண்டும். சிரமப்படுவது பெரும்பாலும் பெண்களே. கீழ் ஸ்தாயியில் அவர்கள் குரல் எழும்புவதே இல்லை.

மேல்நாட்டார் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். அவரவர் குரலுக்கு ஏற்றபடி வெவ்வேறு மெட்டைக் கொடுத்து, ஒரே சமயத்தில் பாட வைத்தார்கள். எம். பி. சீனிவாசன் சென்னை இளைஞர் இசைக்குழுவைக் கொண்டு பாரதியார் பாடல்களையே அந்த முறையில் பாட வைத்தார். (அவர் 1988-ல் காலமானார்.) அதைக் கேட்டு உள்ளம் பூரித்தவர்கள் உண்டு. "ராகம் எங்கே போயிற்று?" என்று தேடியவர்களும் உண்டு. ஒரே ஸ்வரத்தைத் துரத்திப் பழகிய நம் காதுக்கு, நாலு ஸ்வரம் சேர்ந்து வந்தால் கொஞ்சம் திகைப்புத்தான்.

ஆனால் பஞ்சரத்தினத்தை அப்படிப் பிரிக்க வேண்டியதே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஐந்தும் ஆதி தாளம். சரணங்களில் முதலில் ஸ்வரம், பிறகு அதற்கே சாஹித்தியம். எல்லாம் முன்பே அமைந்துவிட்டபடியால், பாடம் பண்ணியவர் எவரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சேர்ந்துகொள்ளலாம். மனோதர்மத்தைத் தேடிப் போகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

மன்னியின் கட்சிக்கு இன்னும் பெரிய வக்கீல் ஒருவர் இருக்கிறார்: பெங்களூர் நாகரத்தினம்மாள். காவிரிக் கரையில் பாழாய்க் கிடந்த சமாதிக்குத் தம் சொந்தப் பணத்தில் கோவில் எழுப்பி, 1925-ல் கும்பாபிஷேகம் செய்து வைத்தவர் அவர். அப்படியிருந்தும் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள்! அம்மாள் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பிரிந்து கிடந்த கட்சிகள் ஒன்று சேர்ந்து, பெண்களும் சமமாக உட்கார்ந்து பாடியது 1940-களில்தான். இன்று சரிகைப் புடவையும் பாட்டுப் புத்தகமுமாக நாம் போய் உட்காரும் ஜமுக்காளம், இனாமாகக் கிடைத்ததல்ல.

ஆகவே சபாக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒலிபெருக்கியை முன்வரிசை வித்வான்களுக்கு மட்டும் வைக்காமல், பெண்கள் வரிசைக்கு நடுவிலும் ஒன்று வையுங்கள். சுருதியை அரைக் கட்டையாவது ஏற்றிப் பாருங்கள். ஆரபியில் அவசரம் வேண்டாம். யாருக்கும் ரயில் தப்பிப் போகாது.