தகுதியா, ஒரு வருசத்துக் காசா?

வாஞ்சி மணியாச்சி என்றால் எல்லோருக்கும் 1911-ல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதுதான் ஞாபகம் வரும். ஜங்ஷனைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் காட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் போடுவார்கள். மழை ஏமாற்றினால் அந்த வருசம் அவ்வளவுதான். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

இங்கே ஒரு வருசத்தின் விலை என்னவென்று தெரியாதவர்கள்தான் 'நீட் வந்த பிறகுதான் தகுதிக்கு மரியாதை' என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள்.

நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் கொடுத்த கடைசி ஆண்டு 2016-17. அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முந்தைய வருடங்களிலேயே பள்ளியை முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அதுவே 71.42 சதவீதம்!

இதற்கு என்ன அர்த்தம்? பத்தில் ஏழு பேர், பள்ளி முடிந்தபின் குறைந்தது ஒரு வருசமாவது கோச்சிங், திரும்பப் பரீட்சை என்று காத்திருந்து உள்ளே போயிருக்கிறார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், தடையே இல்லை. தடை பாக்கெட்டில்தான் இருக்கிறது. கோச்சிங் கட்டணம், விடுதிச் செலவு, அதற்கும் மேல், வேலைக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளை கொண்டுவந்திருக்கும் கூலி. டவுன் டாக்டரின் பையன் மூன்றாவது தடவை எழுதினால் அது 'விடாமுயற்சி'. மானாவாரி விவசாயியின் மகள் முதல் தடவையோடு நிறுத்திக்கொண்டால் அவளுக்குத் 'தகுதி' இல்லை. நல்ல நியாயம்!

"அப்படிப் படித்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வீர்களா?" என்று உடனே கிளம்பி வருவார்கள். 2006-ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை ஒழித்த மாநிலம் இது. அதன்பின் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்ந்தவர்கள்தான் இன்று ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கிறார்கள். கேள்வி கேட்பவரும் காய்ச்சல் வந்தால் அவர்களிடம்தான் போகிறார். டாக்டரை உருவாக்குவது நாலரை வருசப் படிப்பும் அதன் பரீட்சைகளும். வாசலில் நடக்கும் மூன்று மணி நேரச் சமாச்சாரம் அல்ல.

2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கதவு வழியாகப் போகவும் நீட் எழுதித்தான் ஆகவேண்டும். அங்கேயும் காத்திருக்க முடிந்தவருக்கே வசதி. நீட் விலக்கு கேட்டு 2021-லும் 2022-லும் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சரி, தேர்வு இருந்துதான் தீரும் என்றால், முதல் தடவை எழுதுகிறவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கட்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் பங்கு கொடுக்கட்டும். அதைக்கூடச் செய்யமாட்டோம் என்றால், தயவுசெய்து 'தகுதி' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். 'காத்திருக்க வசதி' என்று உள்ளதைச் சொல்லுங்கள்.