ஆளுநருக்குப் பாஸ்வேர்டு தெரியவில்லை

ஹவாய் ஆளுநர் டேவிட் இகேயிடம் 2018 ஜனவரியில் செய்தியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஏவுகணை எதுவும் வரவில்லை என்று உங்களுக்குக் காலை 8.09க்கே தெரிந்துவிட்டது. அதை ட்விட்டரில் சொல்ல 8.24 வரை ஏன் ஆனது? அவர் எதையும் மறைக்கவில்லை. தன் ட்விட்டர் கணக்கின் லாகினும் பாஸ்வேர்டும் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம்மூர் முதல்வர் போல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். ஏறக்குறைய 14 லட்சம் பேர் வாழும் மாநிலம் செத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்த மாநிலத்தின் தலைவர் பாஸ்வேர்டுக்காகக் காத்திருந்தார். செய்தி வெளியானதும் உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இந்தச் சம்பவத்தை விசாரித்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது, பாஸ்வேர்டை மறந்ததுதான் அன்றைய தவறுகளிலேயே சின்னது என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். ஜனவரி 13, சனிக்கிழமை காலை. மாநில அவசரநிலை மேலாண்மை முகமையில் இரவுப் பணியாளர்கள் கிளம்ப, பகல் பணியாளர்கள் வந்து உட்காரும் நேரம். இரவுப் பணி மேற்பார்வையாளர் முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் ஒத்திகை நடத்தத் தீர்மானிக்கிறார். அதைப் பகல் மேற்பார்வையாளரிடமும் சொல்கிறார். ஆனால் இவர், ஒத்திகை கிளம்பப்போகிற இரவு ஆட்களுக்கு என்று புரிந்துகொள்கிறார். அதனால் பகல் ஆட்களை மேற்பார்க்க அந்த நேரத்தில் யாருமே இல்லை.

8.05க்கு, ராணுவத்தின் பசிபிக் தலைமையகத்திலிருந்து பேசுவது போல் இரவு மேற்பார்வையாளர் தொலைபேசியில் ஒரு பதிவை ஒலிக்கவிடுகிறார். அது ‘ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை’ என்று தொடங்கி, அதே வார்த்தைகளோடு முடிகிறது. நடுவிலோ ‘இது ஒத்திகை அல்ல’ என்ற வாக்கியம் இருக்கிறது. நிஜ எச்சரிக்கைக்காக எழுதி வைத்திருந்த வாசகத்தை அப்படியே ஒத்திகைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஸ்பீக்கரில் கேட்டவர்களில் மற்றவர்களுக்கு ‘ஒத்திகை’ காதில் விழுந்தது. பொத்தானை அழுத்த வேண்டியவருக்கு மட்டும் ‘ஒத்திகை அல்ல’ என்பதுதான் விழுந்தது. கணினி அவரிடம், இந்த எச்சரிக்கையை நிச்சயமாக அனுப்ப வேண்டுமா என்று ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினார். மணி 8.07.

அடுத்த நொடி தீவுகளெங்கும் கைப்பேசிகள் அலறின. ஹவாயை நோக்கி ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது ஒத்திகை அல்ல. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அதே அறிவிப்பு. வட கொரியா அடுத்தடுத்து ஏவுகணைச் சோதனை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. யாரும் அதை விளையாட்டாக நினைக்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து ஒருவர் குழந்தையை உள்ளே இறக்கும் காட்சி பிறகு வீடியோவாகச் சுற்றியது. போட்டியில் ஆட ஹொனலுலு வந்திருந்த கோல்ஃப் வீரர் ஜான் பீட்டர்சன், மனைவி, குழந்தை, மாமனார் வீட்டாரோடு குளியல் தொட்டியில் மெத்தையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதாக ட்வீட் செய்தார்.

எச்சரிக்கையை அனுப்பிய அலுவலகத்துக்கு விஷயம் எப்போது தெரிந்தது? ஒரே நிமிடத்தில். அதே அறையில் இருந்தவரின் கைப்பேசியும் அலறியது. ஏவுகணை இல்லை என்று ராணுவத்திடம் 8.10க்குள் உறுதி செய்துகொண்டார்கள். 8.12க்கு எச்சரிக்கையை ரத்தும் செய்தார்கள். ஆனால் ரத்து என்பது, இன்னும் போய்ச் சேராத கைப்பேசிகளுக்கு இனிமேல் போகாமல் தடுக்கும் ஏற்பாடு மட்டும்தான். ஏற்கெனவே படித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடப்பவருக்கு அது எதையும் சொல்லாது. வெளியே வரலாம் என்று சொல்ல இன்னொரு செய்தி அனுப்பியாக வேண்டும். அந்தச் செய்தி 8.45க்குத்தான் போனது. எச்சரிக்கைக்கும் திருத்தத்துக்கும் நடுவே 38 நிமிடங்கள்.

ஏன் இத்தனை நேரம்? ஏவுகணை வருகிறது என்ற செய்தியை முன்கூட்டியே எழுதிக் கணினியில் போட்டு வைத்திருந்தார்கள். வரவில்லை என்ற செய்தியை யாரும் எழுதி வைக்கவில்லை. எச்சரிக்கை தவறாகப் போகக்கூடும் என்ற நினைப்பே அந்த அமைப்பை உருவாக்கியவர்களுக்கு வரவில்லை. ஆகவே உட்கார்ந்து வாசகத்தை யோசித்தார்கள். இதே எச்சரிக்கை வழியில் திருத்தம் அனுப்பத் தங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் வேறு வந்து, மத்திய அவசரநிலை முகமைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். இதற்கிடையில் 8.19க்கே ஹவாயின் நாடாளுமன்ற உறுப்பினர் துளசி கபார்ட், இது பொய் எச்சரிக்கை என்று ட்விட்டரில் போட்டுவிட்டார். முகமையின் ட்வீட் அதற்கு ஒரு நிமிடம் கழித்து வந்தது. ஆளுநர் கடைசியாக வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையில் இன்னொரு பாஸ்வேர்டும் உண்டு. சம்பவத்துக்குப் பிறகு, அதே முகமையில் 2017 ஜூலையில் ஒரு செய்தி நிறுவனம் எடுத்த புகைப்படத்தை மக்கள் தோண்டி எடுத்தார்கள். அதிகாரி ஒருவர் கணினித் திரைகளுக்கு முன்னால் நிற்கிறார். திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் ஒரு பாஸ்வேர்டு, படிக்கிற தெளிவோடு. அது உண்மையான பாஸ்வேர்டுதான் என்று முகமை ஒத்துக்கொண்டது. நல்லவேளையாக, எச்சரிக்கை அமைப்புடையது அல்ல. ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டும் ஆளுநருக்கே தெரியாத பாஸ்வேர்டும் ஒரே மாநில அரசில் இருந்திருக்கின்றன.

பொத்தானை அழுத்தியவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். முகமையின் தலைவர் வெர்ன் மியாகி பதவி விலகினார். தொடக்கத்தில் அரசு சொன்ன கதை, ஊழியர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார் என்பது. அதை எல்லாரும் நம்பினோம், ஏனென்றால் எல்லாருக்கும் அப்படி விரல் தவறியிருக்கிறது. அவர் தவறி அழுத்தவில்லை, நிஜம் என்று நம்பியே அழுத்தினார் என்பது ஜனவரி 30 அன்று ஆணையத்தின் முதற்கட்ட அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது. அவர் மீது குற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காதில் சரியாக விழாத ஒருவர் எந்த அலுவலகத்திலும் என்றைக்கும் இருப்பார். அவரோடு சேர்ந்து சம்மதிக்க வேண்டிய இரண்டாவது ஆள் இல்லாததும், எழுதி வைத்த திருத்தம் இல்லாததும்தான் 38 நிமிடத்துக்குக் காரணம். ஆளை நீக்கியதைவிட அதன் பிறகு அங்கே செய்தவைதான் உருப்படியானவை: எச்சரிக்கை அனுப்ப இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும், தவறு நடந்தால் நொடிகளில் திருத்தம் போக வேண்டும்.

ஹவாய் பதறி மூன்றாம் நாள், ஜனவரி 16, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே இதே போன்ற தவறைச் செய்தது. வட கொரியா ஏவுகணை ஏவியதாகத் தெரிகிறது, கட்டடத்துக்குள் போங்கள் என்று தன் செயலி வழியே அறிவித்துவிட்டது. ஐந்தே நிமிடத்தில் தவறு என்று திருத்தியது, மன்னிப்பும் கேட்டது. ஜப்பானில் அதற்கு மேல் பெரிய கலவரம் இல்லை. தவறு ஒன்றுதான். 38 நிமிடத்துக்கும் 5 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் மக்களின் அனுபவமே வேறாகிவிட்டது.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்கு இந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. 2020 ஜனவரி 12, ஞாயிறு காலை 7.23. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் நடந்திருப்பதாக மாகாணம் முழுக்கக் கைப்பேசிகள் ஒலித்தன. அங்கும் பணி மாறும் நேரம்தான். தினமும் நிஜ அமைப்பையும் பயிற்சி அமைப்பையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம். பயிற்சி அமைப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதிகாரி நிஜ அமைப்பில் அழுத்திவிட்டார். தவறு உடனே தெரிந்தும், அதைத் திருத்தும் நடைமுறையில் தெளிவு இல்லை. கைப்பேசிக்குத் திருத்தம் வந்தபோது மணி 9.11. ஹவாய்க்காரர்களின் தவிப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம். அணுக் கதிர்வீச்சிலிருந்து தைராய்டைக் காக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கேட்டு அடுத்த இரண்டு நாளில் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள்.

இந்த இடத்தில் நம் கைப்பேசியை ஒருமுறை பாருங்கள். அனுப்பிய மின்னஞ்சலை 30 விநாடிக்குள் பிடித்து இழுக்கும் வசதியை ஜிமெயில் 2015இல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. வாட்ஸ்அப் 2017 முடிவில், அனுப்பிய செய்தியை எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் அழிக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது ஏழு நிமிடம் அவகாசம் தந்தது. இப்போது இரண்டு நாளுக்கு மேல் தருகிறது. குடும்பக் குழுவில் தவறிப்போன ஒரு காலை வணக்கப் படத்தைத் திரும்பப் பெற இத்தனை ஏற்பாடு. ஏவுகணை வருகிறது என்ற செய்திக்கு எதுவுமே இல்லாமல் இருந்தது. மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் செய்தவர்கள், மனிதர்கள் தவறு செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கினார்கள். அரசுகள் தங்கள் அலுவலர் தவறே செய்யமாட்டார் என்று எடுத்துக்கொண்டன.

2025 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்ததையும் இதே வரிசையில் வைக்கிறேன். ஏமனில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் மீது நடத்தவிருந்த தாக்குதல் பற்றிப் பேச, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் சிக்னல் செயலியில் ஒரு குழு அமைத்தார். துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர் என்று பெரிய தலைகள் எல்லாம் அதில் இருந்தார்கள். ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கும் இருந்தார். வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவரின் பெயரில் இவருடைய எண் கைப்பேசியில் பதிவாகியிருந்ததுதான் காரணம் என்று பின்னால் செய்தி வந்தது. மார்ச் 15 அன்று விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்ற விவரத்தைப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் குழுவில் போட்டார். கோல்ட்பர்க் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, சொன்ன நேரத்தில் குண்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தது. குழுவில் கைமுட்டி, கொடி, நெருப்பு என்று எமோஜிகளும் விழுந்தன.

என்னை மிகவும் கவலைப்படவைப்பது அதற்குப் பிறகு நடந்தது. கோல்ட்பர்க் தானாகவே குழுவிலிருந்து வெளியேறினார். வெளியேறியது குழுவை அமைத்தவருக்குத் தெரிந்திருக்கும். யாரும் அவரிடம் ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை, நீங்கள் யார் என்றும் கேட்கவில்லை. அவரே தொடர்புகொண்டு விளக்கம் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். பழைய செய்திகள் தானாக அழிந்துபோகும் வசதியைக் குழுவில் போட்டு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே இருப்பவர்களின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்க்கத் தோன்றவில்லை. போர் விமானிகளின் உயிர் அந்தப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது எங்கோ நடந்த வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஹவாயில் ஒலித்ததைப் போன்ற எச்சரிக்கை முறை இப்போது நம் கைப்பேசியிலும் இருக்கிறது. 2023இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை மாநிலம் மாநிலமாகச் சோதனை நடத்தியபோது தமிழ்நாட்டிலும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். இது சோதனைச் செய்தி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. டவரிலிருந்து ஒரு பகுதியில் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே வீச்சில் போய்ச் சேரும் முறை இது. யாருடைய எண்ணும் தேவையில்லை. புயலும் வெள்ளமும் நம்மை விடாத கடற்கரையில் இதைவிட நல்ல கருவி வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சுனாமி வந்த 2004இல் இது இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காத மீனவர் குடும்பம் நாகையில் இருக்காது.

அதனால்தான் கேட்கிறேன். பேரிடர் மேலாண்மையில் இருக்கும் அதிகாரிகளே, எச்சரிக்கை வாசகங்களை எழுதி வைத்திருப்பீர்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே ‘முந்தைய எச்சரிக்கை தவறானது, ஆபத்து இல்லை’ என்ற வாசகத்தையும் தமிழில் எழுதி வையுங்கள். அதை அனுப்ப யாருடைய கையெழுத்தும் தேவைப்படாதபடி அதிகாரத்தை அந்த அறையிலேயே கொடுங்கள். அடுத்த ஒத்திகையில் எச்சரிக்கையை அனுப்பிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், திருத்தத்தையும் அனுப்பிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று மக்களுக்குச் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. கைப்பேசியில் வருகிற எச்சரிக்கையை நம்பிப் பாதுகாப்பான இடத்துக்கு முதலில் போய்விடுங்கள். சந்தேகத்தைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். அதற்கான எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913.