இரண்டாவது விருப்பை ஏன் வெறுமையாக விட்டோம்?

"அமெரிக்காவில கூட வாக்கு எடுத்தவர் தோத்துப் போனாராமே, அது எப்படி சேர்?" என்று தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டாள். கேள்வி சரியானது. 2016இல் ஹிலாரி கிளிண்டன், டிரம்பை விட 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் எடுத்தார். ஜனாதிபதியானவர் டிரம்ப். 2000இல் அல் கோருக்கும் இதே கதிதான். அங்கே மக்களின் வாக்கு மாநிலவாரியாக 538 தேர்வாளர்களாக மாறுகிறது. அதில் 270 பேரைப் பிடித்தவருக்கே கதிரை.

நமது நாட்டில் அந்த அநியாயம் இல்லை. உடப்பில் போடும் வாக்கும் கொழும்பில் போடும் வாக்கும் ஒரே நிறை. அதோடு, ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குவார்கள். விலக்கப்பட்டவருக்கு வாக்களித்தவர் 2, 3 என்று போட்ட விருப்பு அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அது அவருக்குச் சேரும். நாம் விரும்பியவர் தோற்றாலும் நமது சொல் கணக்கில் நிற்கும்.

ஏட்டில் நல்ல முறைதான். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் நடந்தது என்ன? அநுர குமார திசாநாயக்கவுக்கு நூற்றுக்கு 42, சஜித் பிரேமதாசவுக்கு 32 சொச்சம். வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கைக்குப் போனார்கள். விலக்கப்பட்ட மற்ற வேட்பாளர்களின் வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் முதல் இருவருக்கும் சேர்ந்தது சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம். நூற்றுக்கு எட்டுத்தான்! மிச்சம் 30 இலட்சம் வாக்குகள் கடைசிக் கணக்கில் வாய் திறக்கவில்லை. முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசமோ 13 இலட்சத்துக்குக் கிட்ட. முடிவு மாறியிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. வென்றவரின் வெற்றி இன்னும் பெரிதாகியும் இருக்கலாம். ஆனால் 133 இலட்சம் செல்லுபடியான வாக்கில் அவர் கடைசியாகப் பெற்றது 57 இலட்சம். பாதிக்குக் குறைவு.

இதில் சங்கத்தின் பிழையும் உண்டு. வாக்கு நிராகரிக்கப்பட்டுவிடும் என்று பயந்து, "ஒரே ஒரு புள்ளடி போட்டால் போதும்" என்று தோட்டம் தோட்டமாகச் சொன்னவர்கள் நாங்கள்தான். 1, 2, 3 என்று இலக்கம் போடப் பழக்க ஒரு கரும்பலகையும் அரை மணித்தியாலமும் போதும். இலக்கம் போட்டால் இலக்கம் மட்டும், புள்ளடி போட்டால் ஒரு புள்ளடி மட்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம்.

வாக்கின் அருமை நமக்குத் தெரியாததல்ல. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டியை நாடற்றவராக்கியது. 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோதும் நம்மவரில் பல்லாயிரம் பேருக்கு வாக்கில்லை. கடைசியாக மிஞ்சியவர்களுக்கு 2003இல்தான் வழி பிறந்தது.

இன்னொன்று. மலைநாட்டில் பெயர் பதிந்துவிட்டு இங்கே தேங்காய் உரிக்கவும் இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் வந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தபால்மூல வாக்கு அவர்களுக்குக் கிடையாது. பஸ் காசு, இரண்டு நாள் சம்பளம், இரண்டையும் இழந்துதான் பதுளைக்கோ ஹட்டனுக்கோ போக வேண்டும். போகாமல் இருந்துவிட்டவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். உள்ளூரில் வாக்குள்ளவருக்கும் "இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு வேலை இல்லை" என்ற பேச்சு சில இடங்களில் கேட்டது. சம்பளம் வெட்டாமல் குறைந்தது 4 மணித்தியாலம் லீவு கொடுக்க வேண்டும் என்பது ஜனாதிபதித் தேர்தல் சட்டம். ஆனால் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இடாப்பில் பெயரை இந்தப் பக்கம் மாற்ற விரும்புபவர்கள் கிராம உத்தியோகத்தரை இப்போதே பாருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை. கடிதம் எழுத உதவி வேண்டுமானால், பாடசாலை விட்ட பிறகு பின்னேரம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.