பாட்டு எங்கே தொடங்குகிறது?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

 

நம் ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பட்டிமன்றம் நடக்கும். நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. "மியூசிக் பண்ண எந்த சாப்ட்வேர் மச்சி பெஸ்ட்?" என்பதுதான் தலைப்பு. ஒருவன் எஃப்.எல். ஸ்டுடியோ என்பான். இன்னொருவன், "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்டா, லாஜிக் இல்லாம பாட்டு போட முடியுமா?" என்பான். மூன்றாமவன் யூடியூபில் பார்த்ததை அப்படியே ஒப்பிப்பான். கடைசியில் எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவோம். பாட்டு மட்டும் யாரும் போட்டிருக்க மாட்டோம்!

தலைப்பே தப்பு என்பது என் கருத்து. "எது பெஸ்ட்?" என்று கேட்காதீர்கள். "என் பாட்டு எங்கே தொடங்குகிறது?" என்று கேளுங்கள். சிலருக்கு விரலில் தாளமாகத் தொடங்கும். சிலருக்குத் தொண்டையில் மெட்டாகத் தொடங்கும். யாரோ பாடுவதைப் பதிவு செய்த பிறகுதான் சிலருக்கு யோசனையே வரும். காகிதத்தில் ஸ்வரம் எழுதித் தொடங்குபவர்களும் உண்டு. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்பது.

"இதுல என்ன இருக்கு, ஒண்ணு சரிப்படலைன்னா இன்னொண்ணு" என்று நீங்கள் சொல்லலாம். வசதி உள்ளவன் அப்படி மாற்றிக்கொள்வான். நம் கதை வேறு.

என் நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம். அவன் பெஞ்சில் தாளம் தட்டினால் பக்கத்து வகுப்பு வாத்தியாரே எட்டிப் பார்ப்பார், திட்டுவதற்கு அல்ல. போன வருட லீவில் ஒரு பயிற்சி நிலையத்தில் இசைத் தயாரிப்பு படிக்கச் சேர்ந்தான். அவன் அம்மா மகளிர் குழுவில் லோன் எடுத்துக் கட்டிய பணம். அங்கே சொல்லிக்கொடுத்தது முழுக்க லாஜிக் புரோ. நல்ல சாப்ட்வேர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது ஆப்பிள் கம்ப்யூட்டரில்தான் ஓடும், இப்போது ஐபேடிலும் ஓடும். நம்மிடம் இருக்கும் விண்டோஸில் ஓடாது. (ஒரு காலத்தில் ஓடியதுதான். எமாஜிக் என்ற ஜெர்மன் கம்பெனியை ஆப்பிள் 2002-இல் வாங்கியது, அதோடு விண்டோஸ் பதிப்புக்கு மூடுவிழா நடந்தது.) பணம் கட்டும்போது இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. சான்றிதழோடு வீட்டுக்கு வந்தான். வீட்டில் இருந்தது, அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. படித்ததில் ஒன்றைக்கூட அதில் செய்து பார்க்க வழியில்லை.

தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவன் பெஞ்சில் தட்டுவதையும் விட்டுவிட்டான். கேட்டால், "நமக்கெல்லாம் எதுக்குடா இது" என்கிறான். அந்த ஒரு பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "நமக்கெல்லாம் எதுக்கு" என்பது நம் வீடுகளில் எவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியும். சாப்ட்வேர் ஒத்துவராததை நாம் நமக்குத் திறமை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். இதைவிடக் கொடுமை வேறில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அவனைப் போல விரலில் பாட்டு தொடங்குகிறவர்களுக்கு எஃப்.எல். ஸ்டுடியோ பொருந்தும். 1990களின் கடைசியில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் வந்தபோது அது வெறும் தாளப் பெட்டிதான். பெல்ஜியம் நாட்டுச் சரக்கு. இன்றும் அதன் உயிர் அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. வரிசையாக 16 கட்டம், எதை அழுத்துகிறோமோ அங்கே அடி விழும். பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்கூட ஐந்து நிமிடத்தில் ஒரு தாளத்தை ஓட விட்டுவிடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 16 கட்டம் என்பது ஒரு அடியை நான்காகப் பிரிப்பது. நம் கர்நாடக சங்கீதக்காரர்கள் சொல்லும் சதுஸ்ர நடை. நம்ம ஊர்க் குத்து பெரும்பாலும் அதில் உட்காராது. அதன் துள்ளல் மூன்று மூன்றாகப் போவது, மேல்நாட்டுக் கணக்கில் ஆறு எட்டு. பறையை 16 கட்டத்தில் வைத்துவிட்டு, "என்னடா, கிளப் பாட்டு மாதிரி இருக்கு" என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அடிக்கு மூன்று கட்டம், மொத்தம் 12 என்று மாற்றிப் பாருங்கள். குத்து தானாக வந்து குதிக்கும். மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. யாரும் சொல்லித்தருவதில்லை, அவ்வளவுதான்.

எஃப்.எல். ஸ்டுடியோவை ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம். வாங்காமல் சோதனைப் பதிப்பிலும் வேலை செய்யலாம், பாட்டை வெளியே எடுக்கவும் செய்யலாம். சேமித்த வேலையைத் திரும்பத் திறக்கத்தான் விடாது. அதற்கும் பணம் இல்லை என்றால் எல்.எம்.எம்.எஸ். இருக்கிறது. முற்றிலும் இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், அதே கட்ட வேலைதான். நேரடியாகக் குரல் பதிவு செய்ய அது சரிப்படாது. தாளம் தட்டும் என் நண்பனுக்கு, அவன் அக்காவின் மடிக்கணினிக்கு, அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

என் வழி வேறு. எனக்கு எந்தக் கருவியும் வாசிக்க வராது. என் அப்பாயி நடவுப் பாட்டு பாடும். அதைப் போனில் பதிவு செய்து, அடியில் லேசாக ஏதாவது சேர்ப்பதுதான் என் வேலை. இங்கே ஒரு சிக்கல். அப்பாயிக்கு மெட்ரோனோம் கிடையாது. அது மூச்சு வாங்கும் இடத்தில் தாளமும் மூச்சு வாங்கும். கட்டம் போட்ட சாப்ட்வேரில் அந்தப் பாட்டை வைத்தால், ஒன்று அப்பாயியை வெட்டிக் கட்டத்தில் அடைக்க வேண்டும், இல்லை தாளமே இல்லாமல் விட வேண்டும்.

எனக்குக் கை கொடுத்தது ரீப்பர். அதில் முதல் மரியாதை பதிவு செய்த ஒலிக்குத்தான். பாட்டை அப்படியே வைத்துவிட்டு, அடி விழும் இடங்களில் எல்லாம் டெம்போ குறி வைத்துக்கொண்டே போனால், கட்டம் பாட்டுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். அப்பாயி தன் போக்கில் பாடும், கம்ப்யூட்டர் பின்னால் நடந்து வரும். இந்த வசதி க்யூபேஸிலும் உண்டு, லாஜிக்கிலும் உண்டு. ஆனால் ரீப்பர் 20 எம்.பி.க்கும் குறைவு! பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். பழைய மடிக்கணினியும் முனகாமல் தாங்கும். வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் பிராங்கெல்தான் இதையும் செய்தவர். 60 நாள் எல்லா வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். நம் காசுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆகும், சும்மா இல்லை. ஆனால் பகுதி நேர வேலை பார்ப்பவன் சேர்த்து வாங்கக்கூடிய தொகை. குறையும் உண்டு. இசைக்கருவி ஒலிகள் அதில் ஏறக்குறைய கிடையாது, நாமே தேடிச் சேர்க்க வேண்டும். திறந்ததும் ஜொலிக்கும் முகமும் அதற்கு இல்லை. பார்த்ததும் மூடிவிட்டுப் போனவர்கள் நம் ஹாஸ்டலிலேயே நிறையப் பேர்.

இங்கே நம் துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "கீயை அழுத்தினால் சத்தம் தாமதமா வருது, இந்த சாப்ட்வேர் சரியில்லை" என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் சாப்ட்வேர் மேல் தப்பில்லை. அது பஃபர் கணக்கு. விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது பஃபர் 1024 என்றால், 1024-ஐ 48,000-ஆல் வகுங்கள்: 21 மில்லி விநாடி. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கணக்கில், ஏழு மீட்டருக்கு அப்பால் நிற்கும் தவிலைக் கேட்டு வாசிப்பது போல. உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் பஃபர் இருப்பதால் பாடிப் பதிவு செய்யும்போது தாமதம் இன்னும் கூடும். பஃபரை 256 ஆக்கினால் ஒரு வழிக்கு 5 மில்லி விநாடிதான். விண்டோஸில் இதற்கு ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் வேண்டும். சாப்ட்வேரை மாற்றும் முன் இதைப் பாருங்கள். நாம் லேப்பில் படிக்கும் படிப்பு இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி?

மேடையில் நேரடியாகத் துண்டு துண்டாக ஓட்டி விளையாடுபவர்களுக்கு ஏபிள்டன் லைவ். 2001-இல் பெர்லினில் பிறந்தது. எந்தத் துண்டு எப்போது ஓட வேண்டும் என்று அந்த நேரத்தில் முடிவு செய்யலாம். விலை அதிகம். நம் ஆண்டு விழாவில் டி.ஜே. போடும் அண்ணன்மார்கள் பார்க்கட்டும். ஸ்வரம் எழுதத் தெரிந்தவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் இலவசம். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பேண்ட்லேப், ஆண்ட்ராய்டிலும் ஓடும். போனில் என்ன பெரிதாகச் செய்ய முடியும் என்று சிரிக்காதீர்கள். 2017-இல் வந்த கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்தில் "பிரைட்" என்ற பாட்டின் இசையை ஸ்டீவ் லேசி தன் ஐபோனில்தான் உருவாக்கினார்.

பெரிய இசையமைப்பாளர்கள் வைத்திருப்பதையே நாமும் வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏ.ஆர். ரகுமான் லாஜிக் வைத்திருக்கிறார், ஹான்ஸ் ஜிம்மர் க்யூபேஸ் வைத்திருக்கிறார். இளையராஜா காகிதத்தில் எழுதுபவர். அந்த எழுத்துதான் 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனியாக ஒலித்தது. ரகுமான் ஸ்டுடியோவில் பதிவு செய்து, அடுக்கி, கலைத்து, மறுபடி சேர்ப்பவர். அவரவர் பாட்டு தொடங்கும் இடத்தில் அவரவர் கருவி இருக்கிறது. கருவியை மட்டும் பார்த்துக் காப்பியடித்தால் என்ன கிடைக்கும்?

ஒரே ஒரு இடத்தில் என் வாதம் செல்லாது. ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர் வேலைக்குப் போக வேண்டும் என்பவர், அந்த ஸ்டுடியோவில் இருப்பதைத்தான் கற்க வேண்டும். பல இடங்களில் அது புரோ டூல்ஸ். பழகிப் பார்க்க, 8 ஒலி ட்ராக் வரையுள்ள இலவசப் பதிப்பு 2022 முதல் கிடைக்கிறது. அங்கே போய், "சார், என் பாட்டு தொண்டையில தொடங்குது" என்று சொன்னால் வாசலைக் காட்டுவார்கள்!

பென் டிரைவில் சுற்றும் கிராக் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் எழுதுவதில்லை. அதோடு என்னென்ன வைரஸ் உள்ளே வருகிறது என்று போட்டவனுக்கே தெரியாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் அதையும் போடுகிறோம். அதைவிட, இருபதாயிரம் ரூபாய் சாப்ட்வேர் சும்மா கிடைக்கும்போது நமக்கு எது ஒத்துவரும் என்று யாரும் யோசிப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொண்டு எதையும் கற்காமல் இருக்கிறோம்.

எதை எடுத்தாலும் முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்து, அதையே இரண்டு சாப்ட்வேரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். எதில் அடிக்கடி நின்று மெனுவைத் தேடினீர்களோ அது உங்களுக்கானது அல்ல. முதல் ஞாயிறு எல்லாமே கஷ்டமாகத்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த சாப்ட்வேரும் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். கேக்வாக் சோனாரை அதன் முதலாளிக் கம்பெனி 2017-இல் திடீரென்று நிறுத்தியது. அடுத்த வருடம் பேண்ட்லேப் வாங்கி உயிர் கொடுத்தது. முப்பத்தைந்து வருடம் ஸ்வரம் எழுதிய ஃபினாலேவை 2024-இல் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். அதில் எழுதியவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்! அதனால் பாட்டு முடிந்ததும் சாப்ட்வேரின் சொந்தக் கோப்போடு விட்டுவிடாதீர்கள். குரல், தாளம், மற்றது என்று ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் விநாடியிலிருந்தே தொடங்கும்படி தனித்தனி டபிள்யூ.ஏ.வி. கோப்பாக எடுத்து, பாட்டின் வேகத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து எந்த சாப்ட்வேரில் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம்.