காக்காவையும் எழுதுங்க சாமி!

மாசி மாசம் வந்தா போதும், நம்ம மக்களுக்குப் பறவைக் காய்ச்சல் வந்துடுது. (கோழிக்கு வர்றது இல்லைங்க, இது வேற!) முழ நீளத்துக்கு லென்ஸைத் தூக்கிக்கிட்டு வேடந்தாங்கல், பழவேற்காடுன்னு கிளம்பிடறாங்க. போகட்டும், நல்ல விஷயம்தான். திரும்பி வந்து விடற டயலாக்தான் தாங்கலை. "பூநாரை கிடைக்கலை மச்சி. வெறும் கொக்கு, மைனா, காக்கா. வேஸ்ட்!"

எதுய்யா வேஸ்ட்?

2023ல 'இந்தியப் பறவைகளின் நிலை'ன்னு ஒரு அறிக்கை வந்துச்சு. 942 வகைப் பறவைகளை அலசி, 178 வகைகளை உடனே கவனிக்கணும்னு சொல்லியிருக்காங்க. ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு அதுல வர்ற பேர்களைப் பாருங்க: பனங்காடை, தட்டைவாயன் வாத்து. பனங்காடை கரண்ட் கம்பியில உக்காந்திருக்கிற பறவை. தட்டைவாயன் குளிர்காலத்துக்கு நம்ம ஏரிகளுக்கு வந்துட்டு, வெயில் ஏறினதும் வடக்கே கிளம்பிடும். ரெண்டுமே 'வேஸ்ட்' கேஸுங்கதான்!

இந்தக் கணக்கைக் கொடுத்தது யாரு? பார்த்ததை இ-பேர்டுல ஏத்தின 30,000க்கும் மேற்பட்ட சாதாரண ஆர்வலர்கள்.

பொட்டி தட்டுற மக்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஸ்பெஷலா நடந்ததை மட்டும் லாக் ஃபைல்ல எழுதிட்டு, தினசரி நடக்கிறதை விட்டுட்டா, தினசரி வேலை எப்ப நின்னு போச்சுன்னு எப்படிய்யா கண்டுபிடிப்பீங்க? பறவைக்கும் அதே கதைதான். அடையாளம் தெரிஞ்ச அத்தனையையும் எழுதினாதான், பட்டியல்ல இல்லாதது 'அன்னிக்குக் கண்ல படலை'ன்னு கணக்குல வரும். பூநாரையை மட்டும் எழுதினா, காக்கா இல்லையா, இல்ல நீங்க எழுதலையான்னு யாருக்குத் தெரியும்?

"ஏரியையே மூடறானுங்க, இவன் காக்கா எண்ணச் சொல்றான்"னு ஒரு அண்ணாச்சி பொங்குவாரு. அண்ணாச்சி, அதுக்காகவும்தான் எண்ணணும். வழக்கமா 20,000 நீர்ப்பறவைகள் கூடுற இடம்ங்கிறது ராம்சார் அங்கீகாரத்துக்கான தகுதிகள்ல ஒண்ணு. எண்ணாம 20,000 எங்கிருந்து வரும்? பதிவே இல்லாத ஏரி, மூட நினைக்கிறவனுக்கு வெறும் காலி மனைதான்.

இதுக்கு லென்ஸ் வேணாம், லீவு வேணாம். ஒவ்வொரு பிப்ரவரியிலயும் நாலு நாள், உலகம் பூரா வீட்டுப் பக்கத்துப் பறவைகளை எண்றாங்க. 1998ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, 2013லேர்ந்து நாமளும் இருக்கோம். மொட்டை மாடியில 15 நிமிஷம் நின்னா போதும். பாத்திரத்தைத் தட்டற மாதிரி 'டொங்க் டொங்க்'னு ஒரே தாளத்துல கேட்டா, அது செம்மார்புக் குக்குறுவான். பட்டுப்போன கிளையைக் குடைஞ்சு கூடு கட்டற சின்னப் பச்சைப் பறவை. அசிங்கமா இருக்குன்னு காஞ்ச கிளையை வெட்டித் தள்ற அசோசியேஷன் பெரியவங்க இதையும் கொஞ்சம் காதுல வாங்குங்க.

பூநாரை பார்க்கப் போறவங்க தாராளமா போங்க. ஆனா அடுத்த தடவை 'வெறும் காக்கா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, எத்தனை காக்கான்னு ஒரு தடவை எண்ணி எழுதிட்டுச் சொல்லுங்க.

டிஸ்கி: லென்ஸ் வெச்சிருக்கிற நண்பர்கள் யாரும் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேணாம். அனுப்பினா, வர்ற வழியில பார்த்த பறவைங்களை எண்ணிட்டு வரச் சொல்லுங்க.