கத்தியைத் தேய்க்காதீங்க

மச்சான் மகன் அமெரிக்காவுல, பென்சில்வேனியா பக்கம் வேலையில இருக்கான். போன தை மாசம் ஊருக்கு வந்தப்போ ஒரு பழைய மடக்குக் கத்தியை என் கையில கொடுத்து, "மாமா, அங்க பழைய சாமான் சந்தையில வாங்கினேன். உங்களுக்குத்தான் சரியா இருக்கும்"னான். மூணு அலகு, எலும்புல கைப்பிடி. அலகெல்லாம் கறுத்து, ஓரத்துல துரு. நல்ல கத்தியை இப்படி விட்டுட்டாங்களேன்னு மோட்டார் ரூமுக்கு எடுத்துட்டுப் போனேன். எமரித்தாளை வெச்சு அரை மணி நேரம் உட்கார்ந்து பளபளன்னு தேச்சுட்டேன். ராத்திரி அவன் அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, "வயசை அழிச்சுட்டீங்களே மாமா"ன்னான்.

கத்தியோட வயசை எங்கே பார்ப்பாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அலகைத் திறந்தா, அது கைப்பிடிக்குள்ள போற அடிப்பக்கம் ஒரு விரல் நகம் அளவுக்கு வெட்டாத இடம் இருக்கும். கம்பெனி முத்திரை அங்கதான். என் கையில இருந்தது கேஸ் கத்தி. பென்சில்வேனியாவுல பிராட்ஃபோர்டுங்கிற ஊர்ல செய்றாங்க. அந்த ஊர்க் கத்திகளுக்கு வயசு பார்க்கிற முறை இருக்கே, நம்ம சந்தையில மாட்டுப் பல்லைப் பார்த்து வயசு சொல்ற மாதிரிதான்.

முத்திரையில 'டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்'னு இருந்தா 1920-லிருந்து 1940-க்குள்ள. வெறும் 'கேஸ் எக்ஸ் எக்ஸ்'னு இருந்தா 1940-லிருந்து 1964 வரைக்கும். 1965-ல 'யு.எஸ்.ஏ.'ங்கிற எழுத்தைச் சேர்த்தாங்க. 1970-ல அதுக்குக் கீழ பத்துப் புள்ளி வெச்சு, வருஷத்துக்கு ஒரு புள்ளியா எடுத்துட்டே வந்தாங்க. 1971-ல ஒன்பது, 1972-ல எட்டு, 1979-ல ஒண்ணே ஒண்ணு. 1980-ல எஸ் எழுத்தை மின்னல் வெட்டு மாதிரி மாத்தி, மறுபடியும் பத்துப் புள்ளியிலிருந்து ஆரம்பிச்சாங்க. எழுத்தோட உருவத்தையும் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தா வருஷத்தையே சொல்லிடலாம்.

சில சமயம் ஒரே கத்தியில ஒரு அலகு பழைய முத்திரையோடயும் இன்னொண்ணு புது முத்திரையோடயும் இருக்கும். அதைப் பார்த்துப் போலின்னு நினைச்சுடக் கூடாது. மிச்சம் கிடந்த பழைய அலகை வீணாக்காம அடுத்த வருஷக் கத்தியில மாட்டி விட்டிருப்பாங்க. விதை மிச்சத்தை அடுத்த போகத்துக்கு வெச்சுக்கிற நமக்கு இது புரியாதா என்ன!

முத்திரைக்குப் பின்பக்கம் ஒரு எண் இருக்கும். என் கத்தியில 6318. முதல் எண் கைப்பிடி: 6-ன்னா குடைஞ்ச எலும்பு, 5-ன்னா மான் கொம்பு, 3-ன்னா மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரியான பொருள். ரெண்டாவது எண் எத்தனை அலகுன்னு சொல்லும். மிச்சம் கத்தியோட அச்சு. இந்த 18-ம் அச்சுக்கு அங்க 'ஸ்டாக்மேன்'னு பேர். ஆடு மாடு வெச்சிருக்கிறவங்களோட கத்தி. பெரிய அலகு பொதுவான வேலைக்கு. நேர் விளிம்போட முனை மழுங்கினது இழுத்து வெட்டறதுக்கு. மூணாவது அலகைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காயடிக்கிற அலகு! கை தவறினாலும் மிருகத்தைக் குத்திடக் கூடாதுன்னு முனையை மொண்ணையா விட்டிருக்காங்க.

முத்திரையை மட்டும் நம்பினாலும் ஏமாந்துதான் போவோம். நியூயார்க் மாநிலத்துல வால்டன் ஊர்ல 1904-ல ஆரம்பிச்சது ஷ்ரேட் கம்பெனி. 'ஷ்ரேட் கட் கோ'ன்னு இருந்தா 1946-க்கு முந்தினது. அப்புறம் 1970-களோட ஆரம்பம் வரைக்கும் 'ஷ்ரேட் வால்டன்'. 2004-ல அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. ஆனா பேர் மட்டும் கை மாறி, சீனாவுல செய்ற கத்தியில இன்னைக்கும் வந்துட்டுதான் இருக்கு. ரெமிங்டன் இன்னொரு கதை. துப்பாக்கிக் கம்பெனி அது. முதல் உலகப் போர் முடிஞ்சு ஆர்டர் குறைஞ்சதும் 1920-ல கத்திக்கு வந்தாங்க, 1940-ல விட்டாங்க. கைப்பிடியில சின்னதா ஒரு தோட்டா பதிச்ச கத்திகளுக்கு இன்னைக்கும் பெரிய கிராக்கி. 1982-லிருந்து அதே மாதிரி புதுசாவும் வருது, அதைச் செஞ்சது வேற கம்பெனி. பேரைப் பார்த்துப் பணம் கொடுக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

அதனால கைப்பிடியையும் பார்க்கணும். எலும்புன்னா லென்ஸ்ல ஊசிக் குத்து மாதிரி சின்னச் சின்னத் துளை தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. டெல்ரின்னு ஒரு பிளாஸ்டிக், எலும்பு மாதிரியே அச்சுல வார்த்தது, 1960 வாக்குலதான் விற்பனைக்கு வந்தது. 1930-களோட முத்திரையில டெல்ரின் கைப்பிடி இருந்தா, ஒண்ணு பிடியை மாத்தியிருக்காங்க, இல்லைன்னா உங்களை ஏமாத்தறாங்க. செல்லுலாய்டு கைப்பிடிதான் ரொம்பத் தொந்தரவு. வருஷம் ஆக ஆக அது சிதைஞ்சு ஆவி விடும். அந்த ஆவி பட்டுப் பக்கத்துல இருக்கிற கத்தியும் துருப்பிடிக்கும். கூடையில ஒரு தக்காளி அழுகின கதைதான். அதைத் தனியாதான் வைக்கணும்.

இதெல்லாம் படிச்சப்புறம் சேகரிக்கிறவங்களோட எனக்கு ஒரு சண்டை வந்துச்சு. ஆள் யாரோடயும் இல்லை, மனசுக்குள்ளதான். பழைய கத்தியைத் தேய்க்காதே, பஃபிங் சக்கரத்துகிட்டயே கொண்டு போகாதேன்னு அவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. துருவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மெல்லிசான துணியால துடைச்சா போதும். கறுப்புப் படலம் அப்படியே இருக்கட்டும். ஆனா எதுக்காகத் தேய்க்கக் கூடாதுன்னு கேட்டா, விலை போயிடும்னு சொல்றாங்க. அவங்க கணக்குல ஒரு தடவைகூடச் சாணை பார்க்காத கத்திக்குத்தான் முதல் விலை. அலகு தேயத் தேய விலை இறங்கும். ஒரு நாள்கூட வேலை செய்யாததுதான் உசந்ததுன்னா, காட்டுல வேலை செய்ற எனக்கு அது ஒத்து வரலைங்க.

என் கத்தியைப் பாருங்க. பெரிய அலகு பாதி அகலம்தான் மிச்சம். காயடிக்கிற அலகும் மெலிஞ்சு கிடக்கு. நடுவுல இருக்கிறது மட்டும் கிட்டத்தட்ட முழுசா இருக்கு. ஆடோ மாடோ பன்றியோ வெச்சிருந்த ஒரு மனுஷன் இதைப் பல வருஷம் சட்டைப் பையிலயே வெச்சிருந்திருப்பான்னு எனக்குப் படுது. இல்லை, காயடிக்கிற அலகுலயே ஆப்பிளும் சீவித் தின்னிருப்பானோ என்னவோ. நானும் ஒட்டுக் கட்டுற கத்தியிலதான் மாங்காய் நறுக்குறேன், வீட்டுல திட்டு வாங்கிட்டு. எப்படியோ, இதைப் புள்ளி சொல்லாது. தேய்மானம்தான் சொல்லும். வருஷத்தை முத்திரையில படிக்கலாம், ஆளை அலகுலதான் படிக்க முடியும். எமரித்தாள் ரெண்டையுமே தின்னுடும்.

உங்க வீட்டுப் பரண்ல இருக்கிற சாமானுக்கும் இதே கதிதான். எங்க அம்மாவோட கல்யாணப் பித்தளைக் குடத்துல ஊரும் பேரும் வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேச்சுத் தேச்சு இப்போ விரலை வெச்சாதான் எழுத்து தட்டுப்படுது. அது தினம் புழங்கினதால தேஞ்சது, அதுல எனக்கு வருத்தமில்லை. நான் கத்திக்குப் பண்ணினது அப்படியில்லை. ஒரு வேலையும் பார்க்காம, அழகுக்காக மட்டும் அரை மணி நேரத்துல அழிச்சேன்.

என் கத்தியில 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' தெரியுது, 'யு.எஸ்.ஏ.' மங்கலா தெரியுது. அதுக்குக் கீழதான் பிரச்சினை. அங்கே புள்ளியே இல்லாம இருந்திருந்தா 1965-க்கும் 1969-க்கும் நடுவுல செஞ்சது. இருந்திருந்தா 1970-கள். மச்சான் மகன் போன்ல லைட் போட்டு, லென்ஸ் வெச்சு, "ரெண்டு புள்ளி தெரியுது மாமா"ங்கிறான். நான் பார்த்தா அது துரு தின்ன குழி மாதிரிதான் இருக்கு.